தறியும் வரியும்



உலக வணிகத்தைப் பற்றியும், அந்த வணிகத்தின் மேல் நாட்டுக்கு நாடு மூளுகிற அரசியல் கோபத்தைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன். இதைத் தாம்பரத்தில் வந்து பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். வேறு எங்கே பேசுவது? இங்கிருந்து வடக்கே ரயிலேறினால் குரோம்பேட்டை, பல்லாவரம். கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் கோவளம். தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர், மறைமலை நகர். நடுவில், சானடோரியம் ஸ்டேஷனை ஒட்டி, மெப்ஸ் என்ற ஏற்றுமதி மண்டலம். உலக வணிகத்தின் முந்நூறு நானூறு வருடக் கதையில் பாதி இந்த வட்டத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது.

2025 ஆகஸ்டு 27-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். அன்றைக்குத்தான் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மேல் அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டது. திருப்பூரில் பேச்சு அதுதான். ஆம்பூரில் பேச்சு அதுதான். இங்கே மெப்ஸ் வாசலில் டீக்கடையிலும் பேச்சு அதுதான். "இப்படி ஒன்றை உலகம் கண்டதே இல்லை" என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள்.

உலகம் கண்டதே இல்லையா? கண்டிருக்கிறது நண்பர்களே! இறக்குமதிச் சரக்கின் மேல் ஒரு நாட்டின் தெரு கொந்தளித்து, அந்தக் கொந்தளிப்பு சட்டமாக மாறிய கதைகளில் மிகப் பழையது ஒன்று உண்டு. அது நம் கரையிலிருந்து போன துணியால் வந்த கதை.

1639-இல் பிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் சென்னைக் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே துறைமுகம் உண்டா? இல்லை. கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையோடு மல்லுக்கட்டித்தான் சரக்கை ஏற்ற வேண்டும். அப்படியிருந்தும் அந்த இடத்தை ஏன் பிடித்தார்? துணி! இந்தக் கரையில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது. கோட்டை பின்னால் வந்தது, கொடி பின்னால் வந்தது. முதலில் வந்தது துணி.

எப்படிப்பட்ட துணி? கொஞ்சம் நின்று பார்ப்போம். சீட்டித் துணி என்றார்களே, அந்தச் சித்திரத் துணி உருவான விதத்தைக் கேளுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து உலர்த்துவார்கள். பால் ஏறினால்தான் சாயம் பரவாமல் கோடு கோடாக நிற்கும். இரும்புக் காடியில் தொட்ட மூங்கில் எழுதுகோலால் கறுப்புக் கோடு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கும் அண்டாவில் துணியை அமுக்கினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும். நீலம் வேண்டுமென்றால், நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகைப் பூசிவிட்டு அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். நடுநடுவே துவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி துவைத்து, மறுபடி காயவைத்து, ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும். அந்தச் சிவப்பு தண்ணீர் பட்டால் போகாது, வெயில் பட்டால் வெளிறாது. பருத்தியில் அப்படிச் சாயம் நிற்கவைக்கும் வித்தை அன்றைய ஐரோப்பாவுக்குத் தெரியாது.

துணி அங்கே போய் இறங்கியது. அரண்மனையில் திரைச்சீலையாகத் தொங்கியது, சீமாட்டி உடுத்தினாள். விலை குறைவு என்பதால் அவள் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் உடுத்தினாள். கம்பளியைப் போலக் குத்தாத துணி, பட்டைப் போல விலை சொல்லாத துணி, துவைக்கத் துவைக்க நிறம் மாறாத துணி. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள். லண்டனுக்குக் கிழக்கே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பகுதியில் பட்டு நெசவாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். தறி நின்றது. அடுப்பு நின்றது. 1697-இல் அவர்கள் நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தைத் தாக்கினார்கள். பிரான்ஸ் அதற்கு முன்பே, 1686-லேயே, இந்தச் சித்திரத் துணிகளைத் தடைசெய்துவிட்டது. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டம் போட்டது: சாயம் போட்ட, அச்சடித்த கீழைநாட்டுத் துணியை உள்நாட்டில் விற்க வரவிடக் கூடாது. வெள்ளைத் துணி வரலாம்.

விளைவு என்ன? வெள்ளைத் துணியை வரவழைத்து லண்டனிலேயே அச்சடித்தார்கள். நெசவாளியின் வயிறு அப்படியே காய்ந்தது. 1719-இல் கோபம் தெருவுக்கே வந்துவிட்டது. சீட்டி உடுத்திக்கொண்டு நடந்துபோன பெண்களைத் துரத்தித் துரத்தி உடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள், அமிலம் வீசினார்கள். ராபின்சன் குரூசோ கதை எழுதினாரே டேனியல் டீஃபோ, அந்த நாவல் வெளிவந்த அதே 1719-இல் நம் துணிக்கு எதிராகவும் அவர் எழுதிக்கொண்டிருந்தார். 1721-இல் இரண்டாவது சட்டம். இந்தமுறை விற்பதற்கு மட்டுமல்ல, அச்சடித்த பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடை!

அந்த நெசவாளர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். வணிகத்தை எதிர்ப்பவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்று சொல்லும் பொருளாதார அறிஞர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களுக்கு விவரம் நன்றாகவே தெரிந்திருந்தது. மலிவுத் துணியால் வந்த லாபம் ஊரெல்லாம் சில்லறையாகச் சிதறிப் போயிற்று. நட்டம் மட்டும் ஒரே பேட்டையில், ஒரே தெருவில், ஒரே கூரையின் கீழ் வந்து விழுந்தது. வலிக்காமல் என்ன செய்யும்? பெண்களின் மேல் அமிலம் வீசியதை எந்தப் பசியும் நியாயமாக்காது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் பசி பொய்யில்லை.

அப்படியானால் அந்தச் சட்டம் பசியைத் தீர்த்ததா? இங்கேதான் நான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். கம்பெனிக்கு நட்டம் வந்ததா? சட்டத்தில் அதற்கு ஒரு கதவு திறந்தே இருந்தது. லண்டனில் இறக்கி, வேறு நாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்துகொள்ளலாம். அப்படிப் போன இந்தியப் பருத்தித் துணியைக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். நம் நெசவாளியின் கைத்திறன் அவருக்கே தெரியாமல் அந்தக் கொடுமைக்கு விலையாகப் போயிற்று. இதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளியாவது பிழைத்தாரா? 1760-களில் மறுபடி கூலிக் கலவரம். 1769-இல் அவர்களில் இருவரைத் தூக்கில் போட்டார்கள். யாருக்காகச் சட்டம் வந்ததோ அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். சட்டத்தின் நிழலில் வளர்ந்தது வேறு ஊர், வேறு தொழில். லங்காஷயரின் பருத்தித் தொழில்! இந்தியத் துணியின் போட்டி இல்லாத சந்தை அதற்குக் கிடைத்தது. நூற்பு இயந்திரம் வந்தது. இனித் தங்களால் முடியும் என்றானதும், 1774-இல் தடையை எடுத்துவிட்டார்கள். 1813-இல் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகமும் முடிந்தது. அந்த இயந்திரத் துணி கப்பலேறி எங்கே வந்தது? இதே கரைக்கு!

இந்தக் கரை நெசவாளியின் நிலை அதற்குள் என்னவாகியிருந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதி வரை இங்கே ஒரு வழக்கம் இருந்தது. வணிகர் முன்பணம் கொடுப்பார். நெசவாளிக்கு வேறு நல்ல விலை கிடைத்தால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். வணிகர் மட்டும் நினைத்த மாத்திரத்தில் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. எவ்வளவு பெரிய உரிமை பாருங்கள்! நெசவாளர்களை இழுக்க ஊர்களுக்குள் போட்டி இருந்தது. 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை நெசவாளர்களுக்காகவே கம்பெனி அமைத்தது. கம்பெனி ஆட்சியாளராக ஆனபிறகு அந்த உரிமையைப் பறித்தது. வாங்குபவரும் அவரே, வரி வாங்குபவரும் அவரே, காவல்காரரும் அவரே என்றான பிறகு நெசவாளி எங்கே போய் முறையிடுவார்? லங்காஷயர் இயந்திரம் வருவதற்கு முன்பே நம் நெசவாளியின் கை முறுக்கப்பட்டாயிற்று.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்று. வணிகத்தின் மேல் எழும் கோபம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பசியின் கோபம். இன்னொன்று பணப்பெட்டியின் கோபம். பசித்தவர் தெருவில் குரல் கொடுக்கிறார். பெட்டி வைத்திருப்பவர் அந்தக் குரலைக் காட்டிச் சட்டத்தை வாங்கிக்கொண்டு போகிறார்.

பெட்டியின் கோபம் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமா? கோவளத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கவும் கடல் பார்க்கவும் நாம் போகும் அதே கோவளம். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர்கள் அங்கே ஒரு பண்டகசாலை போட்டார்கள். 1722-இல் அந்தப் பகுதியை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் அவர்களுடைய கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தார். தேயிலையும் துணியும் மலிவாக ஐரோப்பாவுக்குப் போக ஆரம்பித்தன. ஆங்கிலக் கம்பெனிக்கும் டச்சுக் கம்பெனிக்கும் பொறுக்கவில்லை. அவர்களுக்குப் பசியா? இல்லை. தங்கள் அரசுகளைப் பிடித்து உலுக்கினார்கள். பேரரசருக்குத் தன் மகள் மரியா தெரசாவின் அரியணை உரிமையை மற்ற நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1727-இல் கம்பெனியை முடக்கி வைத்தார். 1731-இல் வியன்னா உடன்படிக்கையில் அதைக் கைகழுவினார். ஐரோப்பாவில் ஒரு மகளின் பட்டத்துக்காகக் கோவளத்துப் பண்டகசாலைக்கு விலை பேசப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவரை, அந்தப் பண்டகசாலைக்குத் துணி நெய்தவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

இன்னும் பக்கத்தில் வருவோம். குரோம்பேட்டை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னையில் அரசுப் பணத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். மரப்பட்டை போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த பழைய முறைக்கு மாற்று. கமலை இறைக்கும் தோல் சால் அதிக நாள் உழைக்கும் என்பது அவருடைய கணக்கு. தொழில் பிடித்துக்கொண்டது. உடனே சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். அரசு தொழில் நடத்தித் தனியாருக்குப் போட்டியாக வரலாமா என்றார்கள். 1910-இல் இந்திய அமைச்சர் மார்லி பிரபு லண்டனிலிருந்து உத்தரவு போட்டுச் சென்னை மாகாணத்தின் தொழில் துறையையே கலைக்கச் செய்தார். பிறகு சேம்பர்ஸ் என்ற தொழிலதிபர் பல்லாவரத்தை ஒட்டித் தொடங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. அந்த வழியில் வளர்ந்த தோல் தொழில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது. நிலத்தடி நீரையும் கெடுத்தது. தோல் பளபளப்பாகக் கடல் கடந்து போயிற்று, கழிவுநீர் இங்கேயே தங்கிவிட்டது. 1996-இல் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் எல்லாவற்றுக்கும் கடிவாளம் வந்தது.

நண்பர்களே, நாமும் கோபப்பட்டவர்கள்தான். சுதேசி என்பது என்ன? அந்நிய வணிகத்தின் மேல் ஓர் அடிமை நாடு கொண்ட கோபம். 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கினார். அந்நியத் துணியைத் தெருத்தெருவாகக் கொளுத்தினார்கள். அந்தக் கோபத்தை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் அந்த நெருப்பின் வெப்பம் இன்னோர் ஊரில் போய்த் தாக்கியது. லங்காஷயரில் மில்கள் மூடின. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போன காந்தி என்ன செய்தார் தெரியுமா? வேலையிழந்த அந்த நெசவாலைத் தொழிலாளர்களைப் பார்க்க லங்காஷயருக்கே போனார். டார்வன் என்ற ஊரை ஒட்டித் தங்கினார். உங்கள் துணியைப் புறக்கணிக்கச் சொன்னவன் நான்தான் என்று அவர்கள் முன்னால் போய் நின்றார். அவர்கள் கல் எறிந்தார்களா? இல்லை! மில் பெண்கள் கையை உயர்த்தி ஆரவாரம் செய்ய, நடுவில் காந்தி நிற்கும் புகைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். புறக்கணிப்பைக் கைவிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இந்தியாவின் பட்டினி இதைவிடக் கொடியது என்பதை எடுத்துச் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளியும் சோழமண்டலக் கரை நெசவாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே செத்துப்போனார்கள். 1931-இல் ஒருமுறை, ஒரே ஒருமுறை, பசி பசியை நேருக்கு நேர் பார்த்தது. நடுவில் பெட்டி இல்லை. உலக வணிக வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது.

விடுதலைக்குப் பிறகு நாமும் மதில் எழுப்பினோம். மதில் எல்லோரையும் காப்பாற்றியதா? வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அவர்களுடையதுதான், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இறக்குமதிக் கார் வராத காலத்தில் ஓடியது. மதிலுக்கு உள்ளேயே மாருதி வந்ததும் தாங்க முடியவில்லை. 1980-களின் இறுதியில் மூடிவிட்டார்கள். அந்த நிலத்தில் இன்று ஐ.டி. அலுவலகங்கள். மதில் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் சாட்சி வேண்டியதில்லை. மதில் இல்லாவிட்டால் போதுமா? மறைமலை நகருக்குப் போய்க் கேளுங்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் கதவை மூடப்போகிறோம் என்று அறிவித்தபோது அங்கே எத்தனை வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று சொல்வார்கள்.

இப்போது மெப்ஸுக்கு வருகிறேன். 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம். சுமார் 260 ஏக்கர். சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின்படி, உள்ளே அனுமதி பெற்ற தொழிலைப் பொறுத்தவரை, அது இந்தியாவின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படும். தாம்பரத்து மண், ஆனால் சுங்கக் கணக்கில் வெளிநாடு! அந்த வாசலில் மாலையில் நின்று பாருங்கள். கழுத்தில் ஐ.டி. கார்டும் கையில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருவார்கள். பலர் மணிக்கணக்கில் ஒரே வேலை பார்த்தவர்கள். லைனில் ஒருவர் காலர் தைத்தால் காலர் மட்டும்தான், கை பொருத்தினால் கை மட்டும்தான். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். முழுச் சட்டையை அவர்கள் தைப்பதில்லை. ஆனால் முழுச் சட்டையின் மேல் விழும் வரி அவர்கள் மேல்தான் விழுகிறது.

எப்படி விழுகிறது? வரியை அமெரிக்க இறக்குமதியாளர் அந்த ஊர்க் கஜானாவில் கட்டுகிறார். கட்டிவிட்டு இங்கே ஃபோன் போடுகிறார்: "விலையைக் குறை, இல்லாவிட்டால் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றுகிறேன்." முதலாளி முதலில் ஓ.டி.யை நிறுத்துகிறார். பிறகு ஒரு லைனை நிறுத்துகிறார். ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்ணிடம் "ஆர்டர் இல்லை, வந்ததும் கூப்பிடுகிறோம்" என்கிறார்கள். வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து இப்படித்தான் பக்கத்திலிருக்கும் கடப்பேரியில் ஒரு வாடகை வீட்டுக்குள் நுழைகிறது.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னாலும் ஒரு பசி இருந்தது, அதை மறைக்க மாட்டேன். சீன இறக்குமதியின் வேகத்தால் 1999-க்கும் 2011-க்கும் இடையே அமெரிக்காவில் சுமார் இருபது லட்சம் வேலைகள் போயின என்று அந்த நாட்டுப் பொருளாதார அறிஞர்களே மதிப்பிட்டார்கள். வணிகத்தால் வேலை இழப்பவருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தர 1962-இல் கென்னடி காலத்தில் அங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அறுபது வருடம் ஏதோ ஓடியது. 2022 ஜூலையில் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள்! மூன்று வருடம் கழித்து வரி வந்தது. காயத்துக்கு மருந்து போடுவதை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரை அடிக்கக் கிளம்பினால் காயம் ஆறுமா?

நாம் மட்டும் மருந்து வைத்திருக்கிறோமா? 2025 ஜூலை 24-இல் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நம் துணிக்குத் தடை போட்ட அதே நாடு நம் துணிக்கு வரியை நீக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. நல்ல செய்தி, வரவேற்கிறேன். ஆனால் இப்படி ஒப்பந்தம் பேசுவதற்கு முன்னால் யார் யாரைக் கூப்பிட்டு ஆலோசிக்கிறார்கள்? ஏற்றுமதியாளர் சங்கம் கருத்துச் சொல்கிறது. தொழில் கூட்டமைப்பு கருத்துச் சொல்கிறது. காலர் தைக்கும் பெண்ணின் சார்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போகும் உரிமை முந்நூறு வருடத்துக்கு முன் அவளுடைய பாட்டன் பூட்டனுக்கு இருந்தது. இன்று அவளுக்கு என்ன இருக்கிறது? ஒவ்வொரு வணிக ஒப்பந்தத்தோடும், அதனால் வேலை இழப்பவருக்கான நிதியையும் சேர்த்தே எழுத வேண்டும். அதை எழுதும் மேசையில் தொழிற்சங்கத்துக்கும் நாற்காலி போட வேண்டும். இதைக் கேட்பது பிச்சையல்ல, பாக்கி!

அந்த நிதியும் நாற்காலியும் வரும்போது வரட்டும். அதுவரை கையில் இருப்பதையாவது பிடித்துக்கொள்வோம். ஈ.எஸ்.ஐ.யில் 2018-இல் தொடங்கிய ஒரு திட்டம் இருக்கிறது. வேலை இழந்த காப்பீட்டாளருக்கு அதிகபட்சம் 90 நாளுக்கு உதவித்தொகை. ஆயுளில் ஒரே ஒருமுறைதான். 25 சதவீதமாக இருந்ததைக் கொரோனா காலத்தில் சராசரி ஊதியத்தில் பாதியாக உயர்த்தினார்கள். போதுமா? போதாது. அப்படி ஒன்று இருப்பதாவது நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கே வந்திருக்கும் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நாளைக்கு உங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், "அக்கா, உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு போட்டிருக்கிறார்களா? சம்பளத்தில் பிடிக்கிற பணத்தை மாதாமாதம் கட்டுகிறார்களா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அவரைத் தனியாக விடாமல் நீங்களும் கூடப் போய் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள்.